கடலடியும் கருவூலமும்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கடலின் நலம். கடலடி எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு மாநிலத்தின் நிதிநிலை அறிக்கையிலும் நாட்டின் வெளியுறவுக் கொள்கையிலும் தேர்தல் வாக்குறுதிகளிலும் முன்வரிசையில் இடம் வேண்டும் என்பதே என் வாதம். அதை நிறுவ உலகக் கடல்களையெல்லாம் சுற்றிவரத் தேவையில்லை. நமக்கும் ஈழத் தமிழருக்கும் பொதுவான பாக் விரிகுடாவே போதுமான சான்று. அங்கே ஐம்பது ஆண்டுகளாக அரசியல் நடக்கிறது. கைதுகள், படகுப் பறிமுதல்கள், உயிரிழப்புகள், கடிதங்கள், கண்டனங்கள் என்று நீளும் அந்த அரசியலில் கடலின் அடித்தரை மட்டும் பேசப்படுவதில்லை. ஆனால் சிக்கலின் வேர் அந்தத் தரையில்தான் இருக்கிறது.

முதலில் பொதுவான சில உண்மைகள். மனிதர் வெளியிட்ட வாயுக்களால் பூமியில் கூடுதலாகத் தங்கிய வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது. ஆண்டுதோறும் நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையும் கடலே ஏற்றுக்கொள்கிறது. அதற்கு விலையாக அதன் நீர் சிறிது சிறிதாக அமிலத் தன்மை பெறுகிறது. உலக வணிகச் சரக்கில் எண்பது விழுக்காட்டளவு கப்பலேறித்தான் போகிறது. நாடுகளுக்கிடையே பாயும் இணையத் தகவலில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கம்பிவடங்கள் வழியே செல்கிறது. இப்படிப் பொருளாதாரம் முழுவதையும் சுமக்கும் கடலின் மீன்வளம் எப்படி இருக்கிறது? ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கணக்கிடப்பட்ட மீன் கூட்டங்களில் 37.7 விழுக்காடு தாங்கும் அளவை மீறிப் பிடிக்கப்படுகின்றன. 1974இல் இது 10 விழுக்காடாக இருந்தது. அளவுமீறிப் பிடிப்பதால் உலகம் ஆண்டொன்றுக்கு இழக்கும் வருமானம் 8,300 கோடி டாலர் என்று உலக வங்கி 2017இல் மதிப்பிட்டது. மீனை விட்டுவைத்தால் கிடைத்திருக்கக்கூடிய பணம் அது. மீனைத் துரத்தித் துரத்தியே தொலைத்த பணம்.

இவ்வளவு பெரிய இழப்பு ஏன் எந்த அரசையும் உலுக்கவில்லை? காரணம் கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது. கடலிலிருந்து எடுத்தது அனைத்தும் நம் ஏடுகளில் வருமானம். எடுத்ததால் கடலில் குறைந்தது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. முதலைத் தின்றுகொண்டே வட்டி வருகிறது என்று மகிழும் குடும்பத்தின் நிலை இது. துறைமுகம் ஓர் அமைச்சகத்திடம், மீன் இன்னொன்றிடம், கழிவு மற்றொன்றிடம், எல்லை பாதுகாப்புத் துறையிடம், பேச்சுவார்த்தை வெளியுறவுத் துறையிடம். கடல் ஒன்றுதான், அதற்குப் பொறுப்பேற்று விடை சொல்லும் நாற்காலி ஒன்றுகூட இல்லை. பொறுப்பு சிதறிய இடத்தில் அழிவுக்கு எவரும் காரணமாவதில்லை.

கடலடியை அரசாங்கம் கருவூலமாகவே கருதிய காலமும் நம் கடலில் இருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துத் தம் கையில் வைத்திருந்தனர். முத்துச்சிப்பி படியும் கடலடிப் பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று கண்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. முதிராத ஆண்டுகளில் கடல் மூடியே கிடந்தது. அவர்களை அப்படி நடக்கச் செய்தது கடல்மீது கொண்ட அன்பு அன்று, வருவாய் ஆசைதான். ஆனாலும் கருவூலத்தின் கண் கடலடியில் இருந்தால் அரசு எவ்வளவு கூர்மையாகக் கவனிக்கும் என்பதற்கு அது சான்று. அந்த முறையின் குறையையும் மறைக்கக் கூடாது. அவர்கள் எண்ணியது முத்தை மட்டும். முத்து விளையும் கடலை எண்ணவில்லை. 1905இல் இலங்கைப் பக்கம் மாபெரும் அறுவடை கிடைத்தது. அதைக் கண்டு 1906இல் லண்டன் நிறுவனமொன்று இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தது. சில ஆண்டுகளுக்குள் பார்கள் வெறுமையாகி நிறுவனமும் கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கணக்கு எழுதுவது தேவை; ஒற்றைப் பொருளுக்கு மட்டும் எழுதும் கணக்கு ஏமாற்றிவிடும் என்ற இரண்டு பாடங்களும் நம் கரையிலேயே கிடைத்திருக்கின்றன.

இன்னொரு கரையின் அனுபவம் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடல் காட் மீனுக்குப் பெயர் பெற்றது. ஐரோப்பியப் பெருங்கப்பல்கள் வந்து வாரியதால் 1968இல் அங்கே பிடிபட்ட காட் எட்டு லட்சம் டன்னை எட்டியது, பிறகு சரிந்தது. குற்றவாளி அயல்நாட்டுக் கப்பல்தான் என்று கனடா சொன்னது. பெருமளவுக்கு அது உண்மையும்கூட. 1977இல் 200 கடல் மைல் வரை தன் உரிமையை நிலைநாட்டி அயலாரை வெளியேற்றியது. எல்லை கைக்கு வந்தது. ஆனால் காலியான இடத்தைக் கனடாவின் சொந்த இழுவலைக் கப்பல்கள் நிரப்பின. அரசு உதவி அவற்றுக்குத் துணைநின்றது. மீன் குறைந்துவிட்டது, கிடைப்பதும் சிறுத்துவிட்டது என்று கரையோரச் சிறு மீனவர்கள் 1980களில் எச்சரித்தார்கள். பெருங்கப்பல்கள் நிறைய மீன் கொண்டுவந்ததைப் பார்த்து அதிகாரிகள் கடலில் நிறைய மீன் இருப்பதாக நம்பினார்கள். 1992 ஜூலை 2ஆம் நாள் காட் பிடிப்புக்கே தடை விதிக்க நேர்ந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டாண்டுக்கு என்று சொல்லப்பட்ட தடை விலக்கப்பட்டது 2024இல். எல்லையை மீட்பது வேறு, மீனை மீட்பது வேறு என்பதை ஒரு தலைமுறையின் வேலையைப் பலிகொடுத்து அந்த நாடு கற்றது.

இனி நம் கடலுக்கு வருவோம். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல்; அதன் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் செழிக்கிறது. அந்தப் புல்வெளியில்தான் இறாலும் நண்டும் பலவகை மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் கடற்பசு மேய்வதும் அங்கேதான். இந்தக் கடலுக்குள் இழுவலை வந்த கதை 1952இல் இந்தியாவும் நார்வேயும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் ஊன்றிய அந்தத் திட்டம் மீனவரின் வறுமையைப் போக்கவே வந்தது. ஆனால் இறாலுக்கு அயல்நாட்டுச் சந்தையில் கிடைத்த விலை அதை வேறு திசைக்குத் திருப்பியது. அரசுக் கடனும் மானியமும் இழுவலை இழுக்கும் விசைப்படகுகளைப் பெருக்கின. இழுவலையின் வாயை விரித்துப் பிடிக்கும் கனத்த பலகைகள் தரையை உழுதுகொண்டே போகின்றன. வலையின் அடிக்கயிறு புல்லைப் பிடுங்குகிறது. கிளம்பும் சேறு வெளிச்சத்தை மறைக்கிறது. சிறு கண்ணி கொண்ட மடியில் குஞ்சும் பொடியும் சேர்ந்து வந்து கோழித் தீவன ஆலைக்குப் போகின்றன. ஆழ்கடலிலேயே கேடு செய்யும் இந்தக் கருவி, பத்து மீட்டர் ஆழமுள்ள புல்வெளியில் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் 1970களில் மோதல் வெடித்தது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பங்கீடு அந்தச் சூழலில் பிறந்தது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்றது. பின்னர் அது 5 கடல் மைலானது. இதை இன்னொரு கோட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தம் பாக் விரிகுடாவின் நடுவே பன்னாட்டு எல்லையை வரைந்தது. ராமேசுவரத்திலிருந்து சில கடல் மைல் தொலைவிலேயே அது ஓடுகிறது. ஒருபுறம் சட்டம் விலக்கிய கரைக்கடல். மறுபுறம் அயல்நாட்டு எல்லை. இடையிலுள்ள ஒடுங்கிய நீரும் பலகாலம் உழப்பட்டுச் சோர்ந்துவிட்டது. நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் அதற்குள் நின்று பிழைப்பது எப்படி? உள்நாட்டுப் போர்க்காலத்தில் இலங்கையின் வடக்குக் கடற்பகுதி தடைகளால் அடைபட்டிருந்தது. அங்குள்ள மீனவர் இறங்க முடியாத அந்த நீரில் மீன் இருந்தது. நம் படகுகள் அங்கே போய்ப் பழகின. 2009இல் போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் கடலுக்குத் திரும்பியபோது தங்கள் வலைகள் அறுபடுவதையும் கடலடி சுரண்டப்படுவதையும் கண்டார்கள். இழுவை மடியைத் தடைசெய்யும் தனிநபர் மசோதாவை இலங்கை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் தமிழ் உறுப்பினரான எம்.ஏ.சுமந்திரன். 2017இல் அது சட்டமாயிற்று. இந்தச் சச்சரவில் எதிரெதிரே நிற்கும் இருதரப்புச் சாதாரண மீனவரும் தமிழரே என்பதை நம் மேடைகள் எளிதில் மறந்துவிடுகின்றன.

இலங்கைக் கடற்படையின் வன்முறையை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. நிராயுதபாணியான மீனவரைச் சுடுவதும் அடிப்பதும் குற்றம்; ஏழைத் தொழிலாளியை நெடுங்காலம் சிறையில் வைப்பது அநீதி. அதைத் தட்டிக்கேட்பது அரசின் கடமை. ஆனால் தட்டிக்கேட்பதோடு கடமை முடிந்ததாக எண்ணுவதுதான் நம் பிழை. இலங்கை வசமுள்ள கச்சத்தீவு நாளையே நம் கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சிறு தீவைச் சுற்றிக் கிடைக்கும் கூடுதல் நீரை இத்தனை இழுவலைகளும் எத்தனை பருவத்தில் வெறுமையாக்கும்? நியூஃபவுண்ட்லாந்து அதற்கு விடை சொல்லிவிட்டது. எல்லைச் சிக்கலாக நாம் பேசிவருவது அடிப்படையில் கடல் நலச் சிக்கல். நம் பக்கக் கடலடி செழிப்பாக இருந்திருந்தால் உயிரைப் பணயம் வைத்து எல்லை தாண்டும் தேவை எவருக்கும் வந்திருக்காது. 2016 நவம்பரில் புதுதில்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் கூடியபோது, பாக் விரிகுடாவில் இழுவலையை விரைவில் முடிவுக்குக் கொண்டுவரும் மாற்றத்தை நோக்கிச் செல்ல இசைந்தார்கள். ஆக, நோய் எது என்பதில் அரசுகளுக்கே ஐயமில்லை. மருந்துக்குத்தான் அரசியல் முதன்மை கிடைக்கவில்லை.

மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவதும் வலுவானதும் பிழைப்பு பற்றியது. வயிற்றுப்பாட்டுக்குக் கடலில் இறங்குபவரிடம் கடற்புல்லைப் பற்றிப் பேசுவது கொடுமை என்பார்கள். இழுவலையை நிறுத்தும் செலவை மீனவர் தலையில் கட்டினால் அது கொடுமைதான். 2017இல் தொடங்கிய சூரைமீன் படகுத் திட்டத்தின் அனுபவம் இதைக் காட்டுகிறது. 2,000 இழுவலைப் படகுகளை மாற்றி ஆழ்கடல் தூண்டில் படகுகள் தருவது இலக்கு. படகொன்றின் விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு, மீனவர் பத்து விழுக்காடு, மீதி வங்கிக் கடன். மானியம் பெரிதாகத் தோன்றினாலும் 24 லட்சம் ரூபாய்ச் சுமை மீனவருக்கு நின்றது. ஓரிரவில் போய்த் திரும்பிப் பழகியவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டியிருந்தது. சூரையைப் பக்குவம் கெடாமல் கரைசேர்த்து நல்ல விலைக்கு விற்கும் ஏற்பாடும் வேண்டியிருந்தது. கடலில் இறங்கிய படகுகள் இலக்கில் மிகச் சிறு பங்கே. இதிலிருந்து மாற்றமே முடியாது என்று முடிவுகட்டுவது தவறு. படகை மட்டும் மாற்றிவிட்டு வாழ்வை மாற்றாத திட்டம் தோற்றது என்பதே சரியான பாடம். படகை நியாய விலைக்கு அரசே வாங்கிக்கொள்ள வேண்டும். உரிமையாளருக்கு மட்டுமன்றிக் கூலிக்குப் போகும் தொழிலாளிக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் இடைக்கால வருமானம் தர வேண்டும். ஆழ்கடலுக்குப் போக விரும்பாதவர்க்குக் கரைக்கடலில் கேடில்லாத வலைத்தொழிலுக்கு வழி வேண்டும். தியாகத்துக்கு மீனவர் அஞ்சுவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தை அவர்கள் கடைப்பிடித்து வருகிறார்கள். அந்த நாள்களில் கடல் பெறும் ஓய்வின் பயனை அடுத்த பத்து மாத இழுவை அழித்துவிடாமல் காப்பது அரசின் பங்கு.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பது இரண்டாவது மறுப்பு. பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, திசைதான் தவறு. தமிழ்நாட்டில் விசைப்படகொன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் 2023இல் 19,000 லிட்டராக உயர்ந்தது. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆனது. மீனவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் நல்லது. ஆனால் எரிக்கும் எண்ணெய்க்கு ஏற்ப உதவி தரும்போது, கடலைக் கூடுதலாக உழுபவருக்குக் கூடுதலாகப் போகிறது. சிறியவருக்குச் சிறு பங்கே போய்ச் சேருகிறது. உலக வணிக அமைப்பில் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022இல் நிறைவேறி 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொலைதூரக் கடல்களைச் சூறையாடிய பணக்கார நாடுகளையும் சிறு மீனவரையும் ஒரே கோலால் அளக்கக் கூடாது என்று இந்தியா வாதிடுவது நியாயமானது. அந்த நியாயம் நிலைக்க வேண்டுமானால் சிறு மீனவருக்கான உதவியையும் கடலடியை அழிக்கும் கருவிக்கான உதவியையும் முதலில் நாமே பிரித்துக்காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏழையின் பெயரில் காப்பது ஏழைக்குச் செய்யும் உதவியாகாது.

மூன்றாவது மறுப்பு நம்பிக்கையின்மையிலிருந்து வருகிறது. கடல் சூடேறுவது உலகம் முழுவதும் செய்த வினை. இராமநாதபுரத்தில் எதைச் செய்து என்ன பயன் என்பார்கள். மன்னார் வளைகுடா இதற்கு விடை தருகிறது. அங்குள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த அரண் போனதும் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. அந்த இழப்புக்குப் புவி வெப்பத்தின் மேல் பழிபோட முடியாது. உள்ளூர்க் கடப்பாரை செய்தது அது. 2001இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு கிடைத்தது; வெட்டுவது ஓய்ந்தது. கரைந்துகொண்டிருந்த வான் தீவின் முன்னே செயற்கைப் பாறைகள் இறக்கிய பின் அந்தத் தீவு நிலைபெற்றது. 2010, 2016 வெப்ப அலைகளில் பவளம் வெளிறியது உண்மைதான். ஆனால் வலையாலும் கழிவாலும் ஏற்கெனவே நொந்த பாறையைவிட நலமான பாறைக்கு மீளும் வலு மிகுதி. வெப்பம் கூடும் உலகில் உள்ளூர்ப் பாதுகாப்பின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது இந்தத் திசையில் வைத்த நல்ல அடி.

கடைசி மறுப்பு வளர்ச்சியின் பெயரால் வருவது. துறைமுகமும் கப்பலும் ஆலையும் தரும் வருமானத்துக்கு முன் மீனும் புல்லும் எம்மாத்திரம் என்பது அது. அந்த வருமானக் கணக்கில் இடர் சேர்க்கப்படுவதில்லை. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியது; அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலிலும் கரையிலும் பரவின. 2025 மே மாதம் கேரளக் கடலில் எல்சா 3 என்ற கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரைவரை ஒதுங்கின. 2017இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை வாளிகளால் அள்ள வேண்டியிருந்ததை நாடே பார்த்தது. ஒவ்வொரு முறையும் லாபம் ஓரிடத்தில் சேர்கிறது. மீன் விற்காமல் முடங்கும் நாள்கள் கடற்கரைக் குப்பங்களுக்கு வருகின்றன. கடல் நலத்தைச் செலவாக எண்ணுபவர்கள் இந்த இழப்புகளை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்?

அரசியல் முதன்மை என்று நான் சொல்வதன் பொருளை நான்கு கோரிக்கைகளாகச் சுருக்குகிறேன். முதலாவது, நிதிநிலை அறிக்கையோடு ஆண்டுதோறும் கடல் கணக்கு ஒன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கடற்புல் எவ்வளவு, பவளம் எவ்வளவு, மீன் கூட்டங்களின் நிலை என்ன, சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று அது சொல்ல வேண்டும். இயற்கை வளத்தை நாட்டுக் கணக்கோடு இணைக்கும் முறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2021இலேயே ஏற்றுவிட்டதால் வழிமுறைக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது, பாக் விரிகுடாவில் இழுவலை ஒழியும் நாளைக் குறித்து, அதுவரையான ஒவ்வோராண்டுக்கும் படகு மீட்புக்கும் தொழிலாளர் வருமானத்துக்கும் நிதி ஒதுக்க வேண்டும். மூன்றாவது, எரிபொருளோடு கட்டிய உதவியைப் படிப்படியாக விடுவித்து, கேடில்லாத வலைக்கும் கரையேறிய மீனுக்குக் கிடைக்கும் விலைக்கும் குளிர்சேமிப்புக்கும் திருப்ப வேண்டும். நான்காவது, இரு கரை மீனவரும் அறிவியலாளரும் அமரும் நிலையான பாக் விரிகுடா அமைப்பு ஒன்று வேண்டும். கைது நடந்த பிறகு விடுதலைக்காக மட்டும் கூடும் பேச்சுவார்த்தையால் கடல் ஒருபோதும் மீளாது.

இவை அனைத்தும் நிதியமைச்சரும் முதலமைச்சரும் பிரதமரும் எடுக்க வேண்டிய முடிவுகள். மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் தனித்துச் செய்யக்கூடியவை அல்ல. அதனால்தான் கடல் நலம் அரசியலின் முதல் வரிசைக்கு வர வேண்டும் என்கிறேன். வாக்குக் கேட்டு வருபவரிடம் நம் மீனவரை எப்போது விடுவிப்பீர்கள் என்று கேட்கிறோம். அது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: மீனவர் எல்லை தாண்டாமலே பிழைக்கும்படி நம் கடலடியை எப்போது மீட்பீர்கள்? முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை அடுத்த கைது வரைதான் செல்லும். இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதல் கேள்வியைக் கேட்கும் தேவையே நாளடைவில் குறையும். கடலின் நலத்தையும் கடலோர மக்களின் மானத்தையும் ஒரே செலவில் காக்கும் வாய்ப்பு நம் முன் இருக்கிறது. அதை முதன்மையாகக் கொள்ளாத பொருளாதாரக் கொள்கை எதையும், முழுமையானது என்று இனி நாம் ஏற்கக் கூடாது.